சிவப்புத் தசையும் வெண்தசையும்

கோழிக்கறி சமைக்கும் தாய்மார்கள் அறிந்த செய்தி ஒன்றுண்டு. கால் கறி சற்றே சிவந்திருக்கும். நெஞ்சுக் கறி வெளுத்திருக்கும். ஒரே பறவையின் உடலில் இவ்வேறுபாடு ஏன்? கோழியின் கால்கள் நாள் முழுதும் நின்றும் நடந்தும் கிளறியும் உழைக்கின்றன. சிறகுகளுக்கோ எப்போதாவது, சில நொடிகளே வேலை. நெடுந்தொலைவு பறக்கும் புறாவுக்கு நெஞ்சுத் தசையும் சிவந்தே இருக்கிறது.

முயலின் சிவப்புத் தசை மெதுவாகவும், வெண்தசை விரைவாகவும் சுருங்குவதை 1873-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் ரான்வியே எடுத்துக்காட்டினார். நம் உடலில் இவ்விருவகை நார்களும் ஒரே தசைக்குள் கலந்தே கிடக்கின்றன. இரண்டின் இயல்பும் கொண்ட இடைவகை நார்களும் உண்டு.

மெதுவான நார்களில் பிராணவாயுவைப் பிடித்து வைக்கும் மயோகுளோபின் மிகுதி. சிவப்பு நிறம் அதனால் வருவதே. சர்க்கரையையும் கொழுப்பையும் பிராணவாயுவின் துணையால் எரிக்கும் நொதிகளும் அவற்றில் ஏராளம். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து ஏறத்தாழ 30 ஏ.டி.பி. என்னும் ஆற்றல் நாணயங்களை அவை ஈட்டுகின்றன. ஆகவே எளிதில் களைப்பதில்லை. விரைவான நார்களிலோ பிராணவாயுவின்றியே சர்க்கரையைச் சிதைக்கும் நொதிகள் மிகுதி. அவ்வழியில் கிடைப்பவை 2 ஏ.டி.பி. மட்டுமே, ஆயினும் உடனே கிடைக்கின்றன. அதனால் அந்நார்கள் பேராற்றலுடன் பாய்ந்து, விரைவில் ஓய்ந்துவிடுகின்றன.

இந்நொதிகளின் அளவு பிறவியிலேயே அறுதியிடப்பட்டதன்று. அமெரிக்க அறிஞர் ஜான் ஹாலாசி எலிகளைப் பல வாரங்கள் ஓடப் பழக்கினார். அவற்றின் தசைகளில் பிராணவாயுவைப் பயன்படுத்தும் திறன் ஏறத்தாழ இருமடங்கானதை 1967-இல் வெளியிட்டார். உழைப்பு நின்றால் அத்திறன் மீண்டும் குன்றுகிறது.

இதில் நம் குடும்பங்களுக்கு ஒரு பாடம் உண்டு. முதுமையில் விரைவான நார்களே மிகுதியாக மெலிகின்றன. கால் இடறும்போது சட்டென மறுகாலை ஊன்றித் தாங்குவதற்கு வேண்டியவை அந்நார்களே. அவை நலிந்தால் சிறு தடுமாற்றமும் பெரும் வீழ்ச்சியாகி, இடுப்பெலும்பு முறிவில் முடியக்கூடும். நாமோ அன்பின் மிகுதியால், “நீங்கள் உட்காருங்கள், நாங்கள் செய்கிறோம்” என்று வீட்டுப் பெரியவர்களை நாற்காலியோடு கட்டிப்போடுகிறோம்!

நடப்பது நன்று, அது மட்டும் போதாது. மருத்துவரின் யோசனையோடு, கையூன்றாமல் நாற்காலியிலிருந்து சில முறை எழுந்து அமர்வதும், படியேறுவதும் விரைவான நார்களையும் விழிப்பிக்கும். முதியோரைத் தாங்குவது நம் கடமை. அவர்கள் தம் காலிலேயே நிற்குமாறு துணைசெய்வதும் அக்கடமையின் பகுதியே.