வளைவு இல்லாத லென்ஸ்: பஞ்சரத்தினம் விட்டுச் சென்ற கணக்கு

பத்தமடையில் நம் சமுதாயத்துக் குடும்பங்கள் நெய்யும் பாயை எல்லோரும் அறிவோம். தாமிரபரணிக் கரையில் விளைந்த கோரை ஒரு திசையில் ஓடும்; நூல் அதற்குக் குறுக்கே ஓடும். சாதாரணக் கோரைப் பாயை நீளவாக்கில் சுருட்டினால் சொன்னபடி கேட்கும். அகலவாக்கில் சுருட்டினால் முரண்டு பிடிக்கும். பாய் ஒன்றுதான், திசைக்குத் திசை குணம் வேறு. இதையே இயற்பியலில் திசைசார் பண்பு என்கிறார்கள். இந்தப் பண்பை வைத்து ஒளியையும் திருப்பலாம் என்பதுதான் இன்று லென்ஸின் உருவத்தையே மாற்றி வருகிறது.

பழைய லென்ஸ் வளைவால் வேலை செய்வது. கி.பி. 984 வாக்கில் பக்தாதில் இப்னு சஹ்ல், ஒளியை ஒரே புள்ளியில் குவிக்கக் கண்ணாடி எப்படி வளைய வேண்டும் என்று கணக்கிட்டார். குவிலென்ஸின் தடித்த நடுப்பகுதியில் ஒளி அதிகம் தாமதிக்கும், மெலிந்த ஓரத்தில் குறைவாகத் தாமதிக்கும். அந்த வித்தியாசத்தால் கதிர்கள் குவியும். செல்போனில் கேமரா புடைத்துக்கொண்டு நிற்பதற்கு, அடுக்கடுக்கான இந்த வளைந்த லென்ஸ்களும் ஒரு காரணம்.

1956இல் பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் 22 வயது பஞ்சரத்தினம் வேறொரு வழியைக் கண்டார். இவர் சர் சி.வி. ராமனின் சகோதரி மகன். ஒளி எந்தத் திசையில் அதிர்கிறது என்பதைத் தளவிளைவு என்பார்கள். அது படிப்படியாக மாறிப் பழைய நிலைக்கே திரும்பினாலும், அலையின் கட்டம் மட்டும் சற்று நகர்ந்திருக்கும் என்று அவர் காட்டினார். இது கண்ணாடியின் தடிமனால் வருவதல்ல. தளவிளைவு சுற்றி வந்த பாதையால் வருவது.

அக்கட்டுரை இந்திய அறிவியல் கழகத்தின் இதழில் வெளிவந்தது. 1984இல் பிரிட்டனின் மைக்கேல் பெர்ரி குவாண்டம் இயலில் இதே போன்ற ஒன்றைக் கண்டபோது உலகம் திரும்பிப் பார்த்தது. 1986இல் ராமசேஷனும் நித்யானந்தாவும் பழைய கட்டுரையை எடுத்துக் காட்டினார்கள். மறு ஆண்டே பெர்ரி அதை மனமுவந்து ஒப்புக்கொண்டு எழுதினார். பஞ்சரத்தினமோ 1969இலேயே, 35 வயதில், ஆக்ஸ்ஃபோர்டில் காலமாகிவிட்டார். வெளிநாட்டார் கவனிக்காதது இருக்கட்டும், நம் நாட்டு இதழை நாமே முப்பது ஆண்டு புரட்டிப் பார்க்கவில்லையே என்பதுதான் நமக்கு உறுத்துகிறது.

2016இல் ஹார்வர்டில் ஃபெடரிகோ கப்பாசோ குழுவினர் இந்தக் கணக்கைக் கொண்டே தட்டையான லென்ஸ் செய்தார்கள். கண்ணாடித் தகட்டின் மீது டைட்டானியம் டை ஆக்சைடு நுண்தூண்கள். உயரம் 600 நானோமீட்டர், தலைமுடித் தடிமனில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. தூண்கள் வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் நீண்டிருக்கும், பாயின் கோரையைப் போல. எல்லாம் ஒரே அளவு. ஒவ்வொன்றும் நிற்கும் கோணம்தான் வேறு. சுழன்றபடி வரும் ஒளி எதிர்ச்சுழற்சியாக வெளியேறும்போது, தூணைத் திருப்பிய கோணத்தைப் போல் இரு மடங்கு அதன் கட்டம் நகரும். 90 பாகை திருப்பினால் 180 பாகை. ஆக, வளைவு செய்த வேலையைக் கோணம் செய்துவிடுகிறது.

உலோகம் ஒளியை விழுங்கிச் சூடாக்கிவிடும் என்பதால்தான் மின்கடத்தாப் பொருளைத் தேர்ந்தார்கள். குறை இல்லாமல் இல்லை: அந்த லென்ஸில் ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு தூரத்தில் குவியும். டைட்டானியத்தின் தாதுவான இல்மனைட் நம் திருநெல்வேலி, கன்னியாகுமரிக் கடற்கரைகளில் கறுப்பு மணலாகவே கிடக்கிறது.

பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் இயற்பியல் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு தகவல்: பஞ்சரத்தினத்தின் 1956 கட்டுரையை அறிவியல் கழகம் தன் இணையதளத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது.