பூனையின் நாவும் நமது கடமையும்

நமது உம்பாயில் ஒரு புறம் கடல். மறு புறம் செம்பனைத் தோட்டங்கள். மீன் மணம் வீசும் இவ்வூரில் பூனைகள் பெருகியிருப்பதில் வியப்பில்லை. அவை உண்ணத் தகாதவற்றை உண்டு மடியாமல் காக்க வேண்டுமாயின், அவற்றின் உடலமைப்பை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

முதலில் நாவைக் காண்போம். பூனையின் நாவில் தொண்டையை நோக்கி வளைந்த சிறு முட்கள் உள்ளன. எலும்பிலிருந்து இறைச்சியைச் சுரண்டவும் உரோமத்தைக் கோதவும் அவை உதவுகின்றன. ஆயினும், தையல் நூலோ மீன் மணம் ஏறிய தூண்டில் நரம்போ வாயில் புகுந்தால், அம்முட்களே அதனை உள்ளே தள்ளுகின்றன. பூனையால் அதனை எளிதில் துப்ப இயலாது. நூலின் ஒரு முனை நாவின் அடியில் சிக்க, மறு முனை குடலுக்குள் சென்றால், குடல் சுருங்கி அறுபடவும் கூடும். ஆகவே, பூனையின் வாயிலோ பின்புறத்திலோ நூல் தொங்கினால் அதனை இழுத்தல் ஆகாது.

அடுத்தது கல்லீரல். காய்ச்சலுக்கு நாம் உண்ணும் பராசிட்டமோல் மாத்திரையை நமது கல்லீரல் தீங்கற்றதாக மாற்றி வெளியேற்றுகிறது. அதற்கு வேண்டிய நொதி பூனைக்கு மிகக் குறைவு. ஆதலால், ஒரே மாத்திரையும் பூனையைக் கொல்லக்கூடும். அதன் இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை இழக்கும், ஈறுகள் பழுப்பு நிறமாகும், முகம் வீங்கும். வெங்காயமும் பூண்டும் அதன் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. எனவே, குழம்பு கலந்த சோற்றைப் பூனைக்கு இடுதல் நன்றன்று.

செம்பனைப் பழங்களை எலிகள் கடித்து அழிப்பதால், தோட்டங்களில் எலி மருந்து வைப்பதுண்டு. அவற்றுட் பல, இரத்தம் உறைவதைத் தடுப்பவை. மருந்துண்ட எலியைத் தின்னும் பூனையையும் அந்நஞ்சு தாக்கலாம். நோய்க்குறிகள் தோன்றச் சில நாள்கள் ஆகும். பெட்டிக் கூடுகள் அமைத்துக் கூகைகளைக் குடியேற்றி எலிகளைக் குறைக்கும் முறையும் மலேசியத் தோட்டங்களில் உண்டு.

மாணவச் செல்வங்களே! நூலையும் தூண்டிலையும் பயன்படுத்தியபின் பெட்டியில் இட்டு மூடுவோம். மாத்திரைகளை அலமாரியில் பூட்டி வைப்போம். பூனை தகாததை உண்டதென ஐயுற்றால், உப்பு நீரோ எண்ணெயோ புகட்டாமல், உண்ட பொருளின் உறையுடன் உடனே கால்நடை மருத்துவரை நாடுவோம். வளர்க்கும் விலங்கைப் பேணுதல் உரிமையாளரின் கடமையென மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டமும் கூறுகிறது. வாயில்லா உயிரின் துன்பத்தை அறிந்து காப்பதே கல்வி கற்ற நமக்கு அழகாகும்.