பல் மருத்துவரின் பில்லில் மூன்று சதவீதம்

அமெரிக்காவில் பல் சிகிச்சைக்குக் கிரெடிட் கார்டில் பணம் கட்டுபவரின் ரசீதில், சிகிச்சைக் கட்டணத்துக்குக் கீழே இப்போது பல இடங்களில் இன்னொரு வரியும் சேர்ந்திருக்கிறது. அது கார்டுக்கான கூடுதல் கட்டணம். பல்லுக்கு 1,200 டாலர் செலவில் உறை போட்டுக்கொள்ளும் ஒருவர் அதை முழுவதும் கார்டில் கட்டினால், மூன்று சதவீதக் கணக்கில் 36 டாலர் கூடுதலாகத் தர வேண்டியிருக்கும். விதிப்படி பார்த்தால் இது மருத்துவரின் லாபம் அல்ல. கார்டை ஏற்பதற்காக அவர் செலுத்த வேண்டிய செலவு நோயாளியின் தலைக்கு மாறுகிறது, அவ்வளவே.

அந்தச் செலவு மூன்று இடங்களுக்குப் போகிறது. பெரும்பங்கு, கார்டை வழங்கிய வங்கிக்கு. சிறு பங்கு விசா, மாஸ்டர்கார்டு போன்ற கார்டு நிறுவனங்களுக்கு. மீதி, பணத்தை மருத்துவரின் கணக்கில் கொண்டுவந்து சேர்க்கும் இடைநிலை நிறுவனத்துக்கு. விமானப் பயணப் புள்ளிகளும் பணச் சலுகைகளும் தரும் கார்டுகளில் வங்கியின் பங்கு இன்னும் அதிகம். டெபிட் கார்டின் கதை வேறு. 2010ஆம் ஆண்டின் நிதிச் சீர்திருத்தச் சட்டத்தை ஒட்டி, பெரிய வங்கிகளின் டெபிட் கார்டுகளுக்கு 2011 முதல் உச்சவரம்பு இருக்கிறது: ஒரு பரிவர்த்தனைக்கு 21 சென்ட், அதோடு தொகையில் 0.05 சதவீதம், மோசடித் தடுப்புக்காக மேலும் ஒரு சென்ட். அதே 1,200 டாலரை அத்தகைய டெபிட் கார்டில் கட்டினால் வங்கியின் பங்கு ஒரு டாலரைக்கூட எட்டாது.

பல் மருத்துவத்தில் இந்தச் செலவு உறுத்துவதற்குக் காரணம் அந்நாட்டுப் பல் காப்பீட்டின் அமைப்பு. பெரும்பாலான திட்டங்களில் ஆண்டுக்கு 1,000 முதல் 2,000 டாலர் வரைதான் காப்பீடு கிடைக்கும். பல் சுத்தம் செய்வதற்கு முழுத் தொகையும் தரும் பல திட்டங்கள், உறை, பாலம் போன்ற பெரிய வேலைகளுக்குப் பாதியை மட்டுமே தருகின்றன. முதியோருக்கான மெடிகேர் திட்டத்தின் அடிப்படைக் காப்பீட்டில் வழக்கமான பல் சிகிச்சை சேராது. ஆகவே நோயாளி கைப்பணத்திலிருந்து கட்டும் தொகை பெரிது. கையில் அவ்வளவு பணம் இல்லாதவர் கிரெடிட் கார்டைத்தான் நீட்டுகிறார். கூடுதல் கட்டணத்தின் சுமை முதலில் விழுவதும் அவர்மீதுதான். இதை எடுத்துச் சொல்லாமல் இந்தக் கட்டணத்தின் நியாயத்தைப் பேச முடியாது.

கார்டுக்குக் கூடுதல் கட்டணம் வாங்குவதை 1976இல் அமெரிக்க மத்திய அரசு தடை செய்தது. அந்தத் தடை 1984இல் காலாவதியானது. ஆனாலும் சில மாநிலச் சட்டங்களும் கார்டு நிறுவனங்களின் ஒப்பந்த விதிகளும் அதைத் தொடர்ந்து தடுத்துவந்தன. வணிகர்கள் 2005இல் தொடங்கிய வழக்கு 2012இல் சமரசத்துக்கு வந்து, 2013 ஜனவரி 27 முதல் அந்த ஒப்பந்தத் தடை தளர்ந்தது. மாநிலங்களின் நிலை இன்றும் ஒன்றுபோல் இல்லை. கனெக்டிகட்டிலும் மாசசூசெட்ஸிலும் தடை இருக்கிறது. கொலராடோ 2022 ஜூலை முதல் அனுமதித்தாலும், பொதுவாக இரண்டு சதவீதத்துக்கு மேல் வாங்க முடியாது. நியூயார்க்கின் பழைய சட்டம் உச்ச நீதிமன்றம்வரை போனது. விலையை எப்படிச் சொல்வது என்பதைக் கட்டுப்படுத்தும் அந்தச் சட்டம் பேச்சுரிமையைத் தொடுகிறது என்று 2017இல் நீதிமன்றம் கருதியது. 2024 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டப்படி, கார்டில் கட்டினால் ஆகும் மொத்த விலையை அங்கே டாலரில் முன்கூட்டியே காட்ட வேண்டும். வெறும் சதவீதத்தைச் சுவரில் ஒட்டிவைத்தால் போதாது.

கார்டு நிறுவனங்களின் விதிகள் இதற்கு மேல் தனி. விசா 2023 ஏப்ரலில் தன் உச்சவரம்பை நான்கிலிருந்து மூன்று சதவீதமாகக் குறைத்தது. மாஸ்டர்கார்டில் அது நான்கு சதவீதம். ஆனால் வரம்புவரை வாங்கிக்கொள்ளலாம் என்று இதற்குப் பொருள் இல்லை. மருத்துவருக்கு ஆகும் செலவு 2.6 சதவீதம் என்றால் 2.6க்கு மேல் கேட்கக் கூடாது. வாசலிலும் பணம் கட்டும் இடத்திலும் அறிவிப்பு இருக்க வேண்டும். ரசீதில் தொகை தனியாகத் தெரிய வேண்டும். டெபிட் கார்டுக்கும் முன்பணக் கார்டுக்கும் கூடுதல் கட்டணம் எந்த வகையிலும் கூடாது. டெபிட் கார்டை ரகசிய எண் இல்லாமல் கிரெடிட் போலத் தேய்த்தாலும் விதி மாறாது.

இந்த விதிகளையெல்லாம் நோயாளிகள் காத்து நிற்கும் வரவேற்பு மேசையில் ஓர் ஊழியர் நினைவில் வைத்துச் செயல்படுவது நடக்காத காரியம். மென்பொருளுக்கு இடம் பிறப்பது இங்கேதான். டென்ட்ரிக்ஸ், ஈகிள்சாஃப்ட், ஓப்பன் டென்டல் போன்ற பல் மருத்துவ நிர்வாக மென்பொருள்களில் நோயாளியின் சிகிச்சைக் குறிப்பும் காப்பீட்டுக் கோரிக்கையும் கணக்கும் ஒரே இடத்தில் இருக்கும். முன்பு கார்டு இயந்திரம் தனியாக இருந்தது. அதில் வாங்கிய தொகையை ஊழியர் மறுபடி கணக்கில் தட்டச்சிடுவார். ஓர் இலக்கம் தவறினாலும் மாலையில் கணக்கு இடிக்கும். இணைந்த முறையில் பணம் வந்ததும் கணக்கில் தானே பதிவாகிறது. கார்டு எண்ணின் முதல் சில இலக்கங்களைக் கொண்டு அது கிரெடிட்டா டெபிட்டா என்று மென்பொருள் கண்டறிந்து, கிரெடிட்டுக்கு மட்டும் கூடுதல் கட்டணத்தைச் சேர்க்கிறது. மருத்துவச் சேமிப்புக் கணக்கின் கார்டுகள் பெரும்பாலும் டெபிட் வகை என்பதால் அவையும் தப்ப வேண்டும். சேமித்துவைத்த கார்டிலிருந்து மாதத் தவணை எடுக்கும்போதும் கைப்பேசி இணைப்பு வழியாகப் பணம் வாங்கும்போதும் இதே சோதனை தேவை.

பல் மருத்துவத்துக்கே உரிய சிக்கல் ஒன்றில் பல கிளினிக்குகள் தடுமாறக்கூடும். சிகிச்சை நாளில் நோயாளியிடம் வாங்குவது மதிப்பீட்டுத் தொகைதான். காப்பீட்டு நிறுவனத்தின் முடிவு பிறகு வரும். 600 டாலரும் அதற்கு மூன்று சதவீதமாக 18 டாலரும் வாங்கிய பின், காப்பீடு எதிர்பார்த்ததைவிட 100 டாலர் அதிகம் தந்தால், நோயாளிக்கு அந்த 100 டாலரோடு 3 டாலரும் திரும்ப வேண்டும். கூடுதல் கட்டணத்தை விகிதப்படி திருப்பித் தருவது கட்டாயம். சிகிச்சைக் கட்டணத்தோடு கலந்து பதிவு செய்திருந்தால் அந்த 3 டாலர் யார் கண்ணிலும் படாமல் தொலைந்துபோகும். தனிக் குறியீட்டில் பதியும் மென்பொருள்தான் நம்பத் தகுந்தது.

மென்பொருளுக்குத் தெரியாத விஷயமும் உண்டு. காப்பீட்டு நிறுவனங்களோடு மருத்துவர் செய்துகொண்ட ஒப்பந்தம் அது. ஒப்புக்கொண்ட கட்டணத்துக்கு மேல் நோயாளியிடம் எதுவும் வாங்கக் கூடாது என்று ஒப்பந்தம் சொல்லுமானால், மாநிலச் சட்டமும் விசாவும் அனுமதித்தாலும் கூடுதல் கட்டணம் ஒப்பந்த மீறலாகலாம். ஏழைகளுக்கான மெடிகெய்டில் அரசு தரும் தொகையும் அனுமதித்த சிறு பங்களிப்புமே முழுக் கட்டணம். ‘கார்டுச் செலவே இல்லை’ என்று விற்க வருபவர் இவற்றைச் சொல்லாமல் விடலாம். தவறு நேர்ந்தால் பதில் சொல்ல வேண்டியவர் மருத்துவர்.

கார்டுச் செலவு நோயாளியால் மட்டும் வருவதில்லை. சில காப்பீட்டு நிறுவனங்கள் மருத்துவருக்குக் காசோலைக்குப் பதிலாக ஒருமுறை பயன்படும் மெய்நிகர் கார்டு எண்ணை அனுப்புகின்றன. தனக்கு வர வேண்டிய பணத்தைப் பெறுவதற்கே மருத்துவர் கட்டணம் செலுத்துகிறார். இதைத் தவிர்க்க வழி இருக்கிறது: மருத்துவர் கேட்டால் வங்கிக் கணக்குக்கு நேரடியாக மின்னணு முறையில் அனுப்ப வேண்டும் என்ற மத்திய அரசின் விதி 2014இலிருந்து நடைமுறையில் உள்ளது. நோயாளியின் ரசீதில் 36 டாலர் சேர்ப்பதற்கு முன் எந்தக் கிளினிக்கும் செய்ய வேண்டிய வேலை இது.

நோயாளியிடம் வாங்குவதிலும் வேறு வழிகள் உள்ளன. செலவைப் பொதுக் கட்டணத்தில் சேர்க்கலாம். வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகக் கட்டும் வசதியைத் தரலாம். ரொக்கத்துக்குத் தள்ளுபடி தரலாம். தள்ளுபடியில் ஓர் எச்சரிக்கை தேவை. நோயாளிக்குக் குறைத்துவிட்டுக் காப்பீட்டு நிறுவனத்துக்கு முழுக் கட்டணத்தை அனுப்பினால் அது பொய்க் கணக்காகக் கருதப்படலாம். கூடுதல் கட்டணமே வேண்டும் என்று முடிவு செய்யும் கிளினிக், அதைச் சிகிச்சை மதிப்பீட்டுத் தாளிலேயே டாலரில் எழுதித் தர வேண்டும். வாய் மரத்துப்போன நிலையில் பணம் கட்ட வரும் நோயாளியால் வேறு கார்டைத் தேடவோ விளக்கம் கேட்கவோ எளிதில் இயலாது. சிகிச்சைக்கு முன்பே தொகை தெரிந்தால் டெபிட் கார்டையோ காசோலையையோ அவர் கொண்டுவர முடியும்.