செபத்தில் வறட்சியும் விடாமுயற்சியும்: அவிலாத் தெரேசாவின் விளக்கம்

செபம் என்பது உள்ளத்துக்கு இதமளிக்கும் ஓர் அனுபவம் என்ற கருத்து, பக்தர்களிடையேயும் பக்தியை ஐயுற்று நோக்குவோரிடையேயும் ஒருங்கே காணப்படுகின்றது. முன்னவர் அந்த இதத்தை நாடிச் செல்கின்றனர். பின்னவர் அதனை வாழ்வின் துன்பங்களை மறக்கச் செய்யும் மயக்கம் எனத் தள்ளிவிடுகின்றனர். ஆயின், கத்தோலிக்க செப மரபின் தலைசிறந்த ஆசிரியர்களோ அந்த இதம் அற்றுப்போன நிலையைப் பற்றியும் மிகக் கூர்ந்து எழுதியுள்ளனர். செபத்தின்போது மனம் அலைவதைத் தமிழ்க் கத்தோலிக்கர் பராக்கு என்பர். பக்தியுணர்வு வற்றிப்போவதை வறட்சி என்பர். இவ்விரண்டின் நடுவிலும் செபத்தைத் தொடர்வதன் பொருள் யாது என்பதை, ஸ்பானியத் துறவி அவிலாத் தெரேசாவின் (1515–1582) எழுத்துகளை முதன்மையாகக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தெரேசா 1535இற் கார்மேல் சபைக் கன்னியர் மடத்திற் சேர்ந்தவர். 1970இல் திருச்சபையின் மறைவல்லுநர் என்ற பட்டத்தைப் பெற்ற முதற் பெண்மணியும் அவரே. எனினும், 1565இல் முற்றுப்பெற்ற அவரது தன்வரலாறு வெற்றிக் கதையன்று. ஏறத்தாழ 18 ஆண்டுகள் கையில் நூலொன்று இன்றித் தியானத்தில் அமரத் தாம் துணிந்ததில்லை என்கிறார். குறித்த நேரம் எப்போது முடியும் என்பதிலேயே பலநாள் தம் கவனம் இருந்தது என்றும் ஒப்புக்கொள்கிறார். இடையே, தகுதியற்ற தமக்குச் செபம் எதற்கு என்று ஓராண்டுக்கு மேலாக மனச்செபத்தை அறவே கைவிட்டார். பணிவின் வேடம் பூண்டு வந்த அந்த எண்ணத்தையே பின்னர் அவர் தமக்கு நேர்ந்த பெருந்தீங்காகக் கருதினார். வறட்சியிலும் பார்க்க, அதைச் சாட்டாக வைத்து விலகிவிடுவதே ஆபத்தானது என்பது அவர் பட்டறிந்த பாடம்.

இப்பாடத்தை அவர் ஒரு தோட்டத்தின் வாயிலாக விளக்குகின்றார். தோட்டத்துக்கு நீர் பாய்ச்ச நான்கு வழிகள் உள்ளன: கிணற்றிலிருந்து கையால் இறைத்தல், சால்கள் பூட்டிய சக்கரத்தால் இறைத்தல், ஆற்றிலிருந்தோ ஓடையிலிருந்தோ பாயவிடுதல், மழை. செபத்திலே தொடக்க நிலையினர் கிணற்றில் இறைப்போர். உழைப்பு மிகுதி, நீரோ சிறிது. கிணறு முற்றாக வற்றிவிடின் தோட்டக்காரன் செய்வது என்ன? வாளியை எறிந்துவிட்டுச் செல்வதில்லை என்பதே தெரேசாவின் விடை. தோட்டம் அவனுடையதன்று, உரிமையாளர் வேறொருவர். அவரை மகிழ்விக்கவே அவன் வந்தான், தன்னை மகிழ்விக்கவன்று. நீரின்றியும் செடிகளைக் காக்க வல்லவர் அவர். நீர் வற்றும்போதுதான் தோட்டக்காரன் வந்த நோக்கம் அவனுக்கே தெளிவாகின்றது.

பராக்கைப் பற்றிய அவரது அறிவுரையும் நடைமுறை சார்ந்தது. 1577இல் 'உள்ளரண்மனை' என்னும் நூலை எழுதுகையில் அவர் தலையினுள் ஓயாத இரைச்சல் இருந்தது. கற்பனையின் அலைச்சலை அவர் மாவரைக்கும் ஆலையின் ஓசைக்கு ஒப்பிடுகின்றார். ஓசை நிற்கட்டும் என்று காத்திருப்பவனுக்கு மாவு கிட்டாது. ஓசையினூடே அரைப்பவனுக்கே கிட்டும். அலையும் மனத்தோடு போரிடுவது இன்னொரு பராக்காகவே முடியும்.

ஆயினும், வறட்சி யாவும் ஒரே தன்மையனவல்ல. தெரேசாவின் உடனுழைப்பாளரான சிலுவை அருளப்பர் (1542–1591) இதனை வேறுபடுத்த மூன்று அடையாளங்களைக் கூறுகின்றார்: இறைவனுக்குரியவற்றிலும் உலகப் பொருள்களிலும் ஒருங்கே சுவையின்மை, இறைவனுக்குத் தொண்டு செய்யத் தவறுகின்றோமே என்ற கவலை, முன்போற் கற்பனையைக் கொண்டு தியானிக்க இயலாமை. அசமந்தமாயிருப்பவனுக்கு இக்கவலை இராது. உடல்நலக்குறைவும் வறட்சிக்குக் காரணமாகலாம் என்பதைத் தெரேசா நன்கு உணர்ந்திருந்தார். அத்தகைய வேளையில் ஆன்மாவை வதைக்காது, செப நேரத்தை மாற்றி, வாசிப்பிலோ பிறர்க்குதவும் பணியிலோ ஈடுபடுமாறு அவர் கூறுகின்றார். விடாமுயற்சி வேறு, வீம்பு வேறு.

செபத்தின் பயனை அளக்கும் கோல் யாது என்ற வினாவே ஈண்டு முக்கியமானது. தெரேசாவின் விடை ஐயத்துக்கிடமற்றது: உணர்வன்று, செயலே அக்கோல். நோயுற்ற சகோதரி ஒருத்திக்கு ஆறுதல் அளிக்க வாய்ப்பிருப்பின், பக்தியின் இன்பத்தை இழக்க நேர்ந்தாலும் பொருட்படுத்தாது அவளிடம் செல்ல வேண்டும் என்கிறார். நமது காலத்தில் இதற்கு ஒரு சான்று உண்டு. கல்கத்தா அன்னை தெரேசா (1910–1997) அரை நூற்றாண்டளவு உள்ளத்தில் இருளையே உணர்ந்தார் என்பதை 2007இல் வெளியான அவரது கடிதங்கள் புலப்படுத்தின. அவ்வளவு காலமும் அவர் செபத்தையும் விடவில்லை, பணியையும் விடவில்லை.

எனவே, செபம் ஒரு மயக்கமருந்து என்ற குற்றச்சாட்டு, இன்பத்தை மட்டும் நாடும் பக்தியைப் பொறுத்தவரை நியாயமானதே. அக்குற்றச்சாட்டைத் தெரேசாவே தம் மொழியில் முன்வைத்துள்ளார் எனலாம். ஆனால் மருந்து மயக்கம் தராதபோதும் ஒருவர் நாள்தோறும் அதே இடத்தில், அதே நேரத்தில் அமர்வாராயின், அவரை வேறு ஏதோ ஒன்று அங்கே நிறுத்திவைத்துள்ளது. கத்தோலிக்க மரபு அதனை அன்பு என்று பெயரிடுகின்றது. அம்மரபை ஏற்பவரும் ஏலாதவரும் அந்த அன்பின் உண்மையைச் சோதிக்க வல்ல இடம் ஒன்றே: செபம் முடிந்து எழுந்தவர் அடுத்திருக்கும் மனிதருக்குச் செய்வது யாது என்பது.