உறைந்து நின்ற கை

சென்ற ஆனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரவு ஏழரை மணிக்கு, நானாட்டானில் என் பெரியம்மாவின் வீட்டில் உறவினரும் அயலவருமாக இருபது பேருக்குக் குறையாமல் கூடியிருந்தோம். ரொறன்ரோவில் அப்பொழுது காலை பத்து மணி. பல வருஷங்களுக்கு முன்னர் ஊரை விட்டுச் சென்று, அடுத்த மடு ஆவணித் திருவிழாவுக்கு வருகிறேன் என்று ஆண்டுதோறும் சொல்லிக்கொண்டிருந்து, வராமலே கண்மூடிய அவருடைய தம்பியின் இறுதித் திருப்பலி அங்கே ஒரு தேவாலயத்தில் ஆரம்பமாகியிருந்தது. அதை நேரலையாகக் காட்டும் இணையப் பக்கத்தைப் பேரன் தன் மடிக்கணினியின் உலாவியில் திறந்து, அந்தப் பக்கத்தையே வைஃபை வழியாகச் சுவரிலிருந்த தொலைக்காட்சிக்குக் ‘காஸ்ட்’ செய்திருந்தான்.

பேழையின் மீது தீர்த்தம் தெளிப்பதற்காகக் குருவானவர் உயர்த்திய கை உயர்த்தியபடியே நிற்கப் படம் உறைந்தது. செப ஒலி மாத்திரம் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. “தம்பி, படம் நிண்டிட்டுதே” என்றார் பெரியம்மா. “லைன் சரியில்லை, அம்மம்மா” என்றான் பேரன். படம் மறுபடி அசைந்தபோது பேழை கோவில் வாசலைக் கடந்துவிட்டது.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. லைன் சரியில்லை என்ற அந்த வார்த்தையை நம்ப முடியாதபடி ஒரு காட்சி என் மனத்தில் இருந்தது. தொலைக்காட்சி ஸ்தம்பித்து நின்ற அதே வேளையில், மூலையில் மேசைமேல் எவரும் கவனியாமல் கிடந்த மடிக்கணினியின் திரையில் அதே திருப்பலி தடையின்றி நடந்துகொண்டிருந்ததை நான் கண்டிருந்தேன். கனடாவிலிருந்து கடல்களைக் கடந்து வந்த படம் நம் வீட்டுக்குள் பத்திரமாக வந்து சேர்ந்த பின்னர், மேசைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள பன்னிரண்டு அடித் தூரத்தில் அல்லவா தவறிவிட்டது!

நானாட்டான் விவசாயிக்கு இந்த விசாரணை புதியதன்று. அருவியாற்று நீர் தேக்கம் அணையில் மறிக்கப்பட்டுக் கட்டுக்கரைக் குளத்தை அடைந்து, அங்கிருந்து துருசு வழியாக வாய்க்காலில் இறங்கி வயலுக்கு வருகின்றது. கடைசி வயலில் பயிர் வாடினால் அவன் எடுத்த எடுப்பிலே குளத்தைப் பழிப்பதில்லை. மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வாய்க்கால் வழியே நடந்து, நீர் எந்த இடம்வரை ஓடுகின்றது, எந்த இடத்தில் நிற்கின்றது என்று பார்க்கிறான். தொலைக்காட்சியில் படம் நிற்கும்போதும் அப்படியே முதலில் கணினித் திரையைப் பார்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்து நின்றால் குற்றம் வெளியே இருக்கின்றது: மாதக் கடைசியில் டேட்டா தீர்ந்து வேகம் குறைக்கப்பட்டிருக்கலாம், அப்போது அந்தப் பக்கத்திலேயே படத்தின் தரத்தை 720-இலிருந்து 480-க்குத் தாழ்த்துவதே உடனடிப் பரிகாரம். கணினியில் ஓடித் தொலைக்காட்சியில் மாத்திரம் நின்றால், குற்றம் வீட்டுக்குள்ளேதான்.

இங்கே பலர் அறியாத ஒரு பேதம் உண்டு. ‘காஸ்ட்’ என்ற ஒரே பெயரின் கீழ் இரண்டு வேறு காரியங்கள் நிகழ்கின்றன. 2013-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் கூகுள் நிறுவனம் குரோம்காஸ்ட் என்ற சிறு கருவியை வெளியிட்ட நாள் தொட்டே இவ்விரண்டும் அருகருகே இருந்து வருகின்றன. யூடியூப் போன்ற தளங்களில் காணொளியின் மீதே தெரியும் காஸ்ட் சின்னத்தை அழுத்தினால், கணினியோ கைத்தொலைபேசியோ தொலைக்காட்சிக்கு விலாசத்தை மாத்திரம் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றது. தொலைக்காட்சி தானே இணையத்துக்குச் சென்று படத்தைப் பெற்று, சில வினாடிகளுக்கு வேண்டியதை முன்கூட்டியே சேமித்து வைத்துக் காட்டுகின்றது. உலாவியின் பக்கத்தையே முழுதாக அனுப்பும்போது நடப்பது வேறு. கணினி வந்த படத்தை விரித்துத் தன் திரையில் காட்டி, காட்டியதை அக்கணமே மீண்டும் பிரதியெடுத்துச் சுருக்கி அனுப்ப வேண்டியிருக்கின்றது. முழு எச்டி படம் ஒன்றில் 20 இலட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள். வினாடிக்கு அத்தகைய படங்கள் 25 அல்லது 30. பழைய மடிக்கணினி ஒன்று இந்தப் பாரத்தின்கீழ் மூச்சுத் திணறுவது இயல்பே. அன்றியும், இம்முறையில் சேமிப்பு என்பது அநேகமாக இல்லை. முன்னது குளத்து வயல், பின்னது மானாவாரி. குளத்து வயலுக்குப் பாய்ச்சல் ஒருநாள் தவறினாலும் தெரியாது. மானாவாரிக்கு மழை தவறினால் உடனே தெரிந்துவிடும்.

வைஃபை பயணமும் மும்மடங்காகின்றது. றவுட்டரிலிருந்து கணினிக்கு ஒருமுறை, கணினியிலிருந்து றவுட்டருக்கு ஒருமுறை, றவுட்டரிலிருந்து தொலைக்காட்சிக்கு இன்னொரு முறை என்று ஒரே படம் அதே ஆகாயத்தில் மூன்று தடவை செல்கின்றது. ஓர் அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒரு கருவியே பேசலாம் என்பதால், ஏனையவை தத்தம் முறை வரும்வரை காத்திருக்கின்றன. அன்றிரவு அந்த வீட்டில் இருபது கைத்தொலைபேசிகள் அதே வைஃபையில் இருந்தன. போதாக்குறைக்கு, வந்தவர்களுக்குக் காற்று வேண்டுமென்று மேசை மின்விசிறியைச் செருகுவதற்காக மடிக்கணினியின் சார்ஜரை நானே கழற்றியிருந்தேன். பற்றரியில் ஓடும் கணினி சக்தியைச் சிக்கனப்படுத்த வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதை அப்பொழுது நான் நினைக்கவில்லை. அந்த நினைவு இன்றும் என்னை வருத்துகின்றது.

மறுநாள் பேரனும் நானும் ஒவ்வொன்றாய்ப் பரீட்சித்தோம். சார்ஜரைச் செருகி, வேண்டாத பக்கங்களை மூடியதும் பாதிக் குறை தீர்ந்தது. தொலைக்காட்சியின் முதுகுக்கும் சுவருக்கும் இடையில் நசுங்கிக் கிடந்த காஸ்ட் கருவியைச் சிறு நீட்டிப்பு வயரில் வெளியே தொங்கவிட்டு, அதற்குரிய மின்சாரத்தைத் தொலைக்காட்சியின் யூஎஸ்பி துவாரத்திலிருந்து எடுக்காமல் சுவர்ப் பிளக்கிலிருந்து கொடுத்தோம். 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசை அயல்வீட்டு றவுட்டர்களாலும் புளூடூத் கருவிகளாலும் நெருக்குண்டிருப்பது. 5 கிகாஹேர்ட்ஸ் சுவரைக் கடக்கச் சிரமப்பட்டாலும் ஒரே அறைக்குள் நன்றாய் ஓடுவது. ஆகவே கணினியையும் கருவியையும் அதற்கு மாற்றினோம். படம் ஓடிற்று, ஆயினும் அரை மணிக்கு ஒருமுறை இலேசாகத் திக்கிற்று.

என் அபிப்பிராயத்தைத் தயக்கமின்றிச் சொல்கிறேன். மீண்டும் காண முடியாத நிகழ்ச்சிக்கு உலாவிப் பக்கத்தைக் காஸ்ட் செய்யலாகாது. நேரலை யூடியூப்பில் இருந்தால் அங்கேயே திறந்து அதன் சின்னத்தை அழுத்துங்கள். இல்லையேல் எச்டிஎம்ஐ வயர் ஒன்றை வாங்கிக் கணினியைத் தொலைக்காட்சியோடு நேரே இணைத்துவிடுங்கள்.

முப்பத்தோராம் நாளுக்கு மன்னார்ப் பட்டினத்திலிருந்து அப்படி ஒரு வயர் வாங்கி வந்தோம். வந்தவர்கள் தாங்களாகவே கைத்தொலைபேசிகளின் வைஃபையை அணைத்தார்கள். திருப்பலி முடிந்து, சேமக்காலையில் குருவானவர் கல்லறைக்கு முன் நின்று கையை உயர்த்தியபோது பெரியம்மா நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்தார். கை இறங்கிற்று, தீர்த்தம் பூக்களின்மேல் விழுந்தது.