அமாவும் எமாக்கும் அம்மாவும்

பிரெஞ்சு தேசத்துக்கும் ஸ்பெயினுக்கும் இடையே எழுந்து நிற்கும் பிரனீஸ் மலைத்தொடரின் மேற்குக் கோடியில், உலகத்தின் வேறெந்த மொழியோடும் உறவு நிரூபணமாகாத பாஸ்க் மொழியைப் பேசும் மக்கள் தாயை 'அமா' என்கிறார்கள். ஆஸ்திரோனேசியக் குடும்பத்தைச் சேர்ந்த மலாய் மொழியில் அவளே 'எமாக்'. கொரியக் குழந்தைக்கு அவள் 'ஓம்மா'. ஏறக்குறைய நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் பேச்சு வழக்கொழிந்த சுமேரிய மொழியிலும் அவள் 'அமா'தான். இவற்றை நம் 'அம்மா'வோடு அடுக்கி வைத்துப் பார்க்கிறவருக்கு, இவையெல்லாம் ஒரே ஆதிமொழியின் சிதறல்களோ என்று தோன்றுவது இயல்பே.

1959-ஆம் ஆண்டில் ஜார்ஜ் பீட்டர் மர்டாக் என்ற அமெரிக்க மானிடவியலறிஞர், பல மொழிகளிலிருந்து தாயைக் குறிக்கும் சொற்கள் 531-ம் தந்தையைக் குறிக்கும் சொற்கள் 541-ம் திரட்டினார். தாய்ச் சொற்களில் நூற்றுக்கு 55-ல் ம, ந போன்ற மெல்லொலிகள் இருந்தன. தந்தைச் சொற்களிலோ 15-ல்தான். இதற்குக் காரணம் கூறியவர் ரோமன் யாகப்சன் என்ற மொழியியல் மேதை.

பால் குடிக்கும் சிசுவைச் சற்றே கவனியுங்கள். உதடுகள் மார்பில் பதிந்து, வாய் நிறைந்திருக்கையில், அதன் குரலுக்கு மூக்கைத் தவிர வேறு வழியில்லை. ஆகவே 'ம்ம்' என்ற முனகல் பிறக்கிறது. பசித்தபோதும் அதையே எழுப்பி வாயைத் திறந்தால் 'மா' ஆகிறது. பகரமும் மகரமும் இதழ் இரண்டும் கூடுவதால் பிறக்கும் என்றும், அகரம் வாயை அங்காத்தலால் பிறக்கும் என்றும் தொல்காப்பியப் பிறப்பியல் வகுத்துச் சொல்வதை இங்கே நினைவுகூரலாம். மழலைக்கு மிக எளிதானவை இம்முயற்சிகளே.

ஒலி குழந்தையுடையது, அர்த்தம் பெரியவர்கள் கொடுப்பது. அதனால்தான் ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் தந்தை, 'தேதா' என்றால் தாய். நம் அண்டை மொழியாகிய துளுவிலும் தாய் 'அப்பெ', தந்தை 'அம்மெ'.

மொழிகளின் உறவுக்கு உண்மையான சாட்சி வேறு. தமிழில் பால், புலி, பல் என்பவை கன்னடத்தில் ஹாலு, ஹுலி, ஹல்லு என வருகின்றன. பகரம் ஹகரமாகும் மாற்றம் சொல்லுக்குச் சொல் ஒழுங்காக நிகழ்வதே அங்கே பிரமாணம். தொட்டில்தோறும் புதிதாகப் பிறக்கும் ஒரு சொல்லைக் கொண்டு பாஸ்க்கியரையோ கொரியரையோ நம் உறவினராக்க முயல்வது ஆராய்ச்சியாகாது. வம்சாவளியைக் காட்டாவிட்டாலும், மனிதக் குழந்தைகள் யாவருக்கும் பசியும் வாயும் தாயும் ஒன்றே என்பதை அச்சொல் காட்டுகிறது. அதன் பெருமைக்கு அதுவே போதும்.