பளிச்சிடும் சிங்க்கும் பஞ்சு பறக்கும் வீடும்

கொல்கத்தாவின் தென்மேற்கில், ஹூக்ளி ஆற்றங்கரையில் இருக்கிறது கார்டன் ரீச். போர்க்கப்பல் கட்டும் தளமும் தென்கிழக்கு ரயில்வேயின் தலைமையகமும் இங்கேதான். ஆனால் மெட்டியாபுரூஜ் பக்கத்துச் சந்துகளில் நுழைந்தால் காதில் விழுவது தையல் மெஷின் சத்தம். ஓஸ்தாகர் எனப்படும் தையல் முதலாளிகளின் பட்டறைகளிலிருந்து துணிக்கட்டுகள் வீடுகளுக்கு வரும். பொத்தான் வைப்பது, நூல் பிசிறு நறுக்குவது எல்லாம் பல வீடுகளில் பெண்கள் கையில். பெருக்கித் தள்ளிய தரையில் அரைமணி நேரத்தில் மறுபடியும் வெட்டுத்துணி. இப்படியொரு வீட்டில், எல்லாரும் தூங்கிய பிறகு, ஒரு பெண் போனைத் திறந்து யாரோ ஒருத்தி சமையலறை அலமாரியைக் காலி செய்து துடைத்து அடுக்குவதைப் பார்க்கிறாள் என்றால் அதில் ஆச்சரியம் என்ன?

அடுத்த வீட்டை எட்டிப் பார்க்கும் ஆசையும் இதில் உண்டு. யார் வீட்டுப் பரணில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வதில் ஒரு சுகம். ஆனால் பெரிய காரணம் வேறு. வீட்டு வேலை முடிவதே இல்லை. காலையில் தேய்த்த பாத்திரம் மதியம் மறுபடி சிங்க்கில் கிடக்கும். வீடியோவில் மட்டும்தான் அது முடிகிறது. எண்ணெய்ப் பிசுக்கேறிய டைல்ஸ், மேலே தூவிய சோடா உப்பு, ஸ்க்ரப்பர் உரசும் சத்தம், ஒரு சொம்பு தண்ணீர், பளிச்! 3 மணி நேர வேலை 40 நொடியில். இடுப்பு வலி எடிட்டிங்கில் போய்விடும். அதற்கப்புறம் அந்தச் சமையலறையில் யாரும் அப்பளம் பொரித்துக் காட்டுவதில்லை.

இந்த வீடியோக்களுக்கு இந்தியாவில் நேரம் கூடி வந்தது 2020இல். ஊரடங்கில் வீட்டுவேலைக்கு வருபவர்கள் வர முடியவில்லை. துடைப்பத்தைத் தொட்டே பழகாத பலர் தொட வேண்டியதாயிற்று. அந்த ஜூன் 29 அன்று டிக்டாக் தடையானது. ஜூலையில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸும் செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸும் இங்கே கால் வைத்தன. செய்ய வேலையும் இருந்தது, அதைக் காட்ட மேடையும் கிடைத்தது. அதுவரை யார் கண்ணிலும் படாத வேலைக்கு, கணவன்கூட ‘நல்லா இருக்கு’ என்று சொல்லாத வேலைக்கு, முன்பின் தெரியாதவர்கள் ஆயிரக்கணக்கில் லைக் போட்டார்கள். இதை நான் அற்பம் என்று சொல்ல மாட்டேன்.

வீட்டை எப்படி வைத்துக்கொள்வது என்று அடுத்தவருக்குச் சொல்லித் தருவது புதிதும் அல்ல. ஒரு காலத்தில் கார்டன் ரீச் ஆற்றோரம் முழுக்க வெள்ளைக்காரர்களின் மாளிகைகள்தான். இந்தியாவில் இப்படிக் குடித்தனம் நடத்திய வெள்ளைக்கார எஜமானிகளான மேம்சாகிப்களுக்காக ஃப்ளோரா ஆனி ஸ்டீலும் கிரேஸ் கார்டினரும் 1888இல் ஒரு வழிகாட்டிப் புத்தகமே போட்டார்கள். எஜமானி தினமும் சமையலறையையும் சாமான் அறையையும் சுற்றிப் பார்த்துச் சோதிக்க வேண்டும் என்பது அதில் முக்கியமான பாடம். துடைப்பது வேலைக்காரர்கள், மேற்பார்வை மட்டும் அம்மாவுடையது. இன்றைய வீடியோவில் அம்மாவே துடைக்கிறாள். அந்த வகையில் கொஞ்சம் முன்னேற்றம்தான்.

வீட்டின் அலங்கோலம் யாரை அழுத்துகிறது? 2010இல் வெளிவந்த லாஸ் ஏஞ்சலஸ் ஆய்வொன்று, தங்கள் வீடு அலங்கோலமாகக் கிடக்கிறது என்று பேசிய மனைவிமார்களின் உடலில் மன அழுத்தத்தோடு தொடர்புள்ள கார்ட்டிசால் சுரப்பு நாள் போக்கில் இறங்க வேண்டிய அளவு இறங்கவில்லை என்று காட்டியது. கணவன்மார்களிடம் அந்தத் தொடர்பு தென்படவில்லை. நம் நாட்டின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிடுவது 289 நிமிடம்; ஆண்கள் 88. இந்த ரீல்கள் யாருக்கு ஆறுதல் என்பதை இனி விளக்க வேண்டியதில்லை.

ஆறுதலோடு சுமையும் வருகிறது. வாஷிங் மெஷின் போன்ற சாதனங்கள் வந்தும் அமெரிக்கக் குடும்பத்தலைவியின் வேலை நேரம் குறையவில்லை, சுத்தத்தின் அளவுகோல்தான் உயர்ந்தது என்று வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983லேயே எழுதினார். ரீல்களிலும் அளவுகோல் அப்படித்தான் உயர்கிறது: ஒரே அளவுக் கண்ணாடி டப்பா, அதன்மேல் லேபிள், ஃபிரிட்ஜுக்குள் தனித்தனிக் கூடை. எல்லாவற்றையும் வாங்க வீடியோவுக்குக் கீழேயே லிங்க். வேண்டாததைத் தூக்கிப் போடு என்று ஆரம்பிக்கும் வீடியோ பத்துச் சாமான் வாங்க வைத்து முடிகிறது! கொல்கத்தாவின் ஒற்றை அறை வீடுகளில் கட்டிலின் கால்களுக்குச் செங்கல் கொடுத்து உயர்த்தி, அடியில் அரிசி மூட்டை முதல் குளிர்காலக் கம்பளி வரை அடுக்கிவைப்பார்கள். எந்த நிபுணரும் சொல்லித் தராத வித்தை அது. தையல் வேலை உச்சத்தில் இருப்பது ஈதுக்கும் துர்கா பூஜைக்கும் முன்னால்; வீட்டை ஒட்டடை அடித்துத் துடைக்க வேண்டியதும் அதே வாரங்களில்தான். துணிக்கட்டை எங்கே நகர்த்தி வைப்பது என்பதற்கு ரீலில் பதில் கிடையாது.

இன்னொருவரும் ரீலில் அநேகமாக வருவதில்லை. நகருக்கு வெளியே கேனிங் பக்கத்திலிருந்து விடியற்காலை லோக்கல் ரயிலில் வந்து, கொல்கத்தாவில் ஒரே நாளில் பல வீடுகளைத் துடைத்துவிட்டுத் திரும்பும் பெண் அவர். அவரைப் போன்றவர்களின் அமைப்பான பஷ்சிம் பங்க கிருஹ பரிசாரிகா சமிதி 2018இல்தான் தொழிற்சங்கமாகப் பதிவு பெற்றது. அதன் கோரிக்கைகளில் குறைந்தபட்சக் கூலியும் பேறுகால விடுப்பும் உண்டு.